வாசிப்பது யார்?

பழைய வீட்டுக் கணிப்பொறிகளைத் தேடிப்பிடித்துப் பழுதுநீக்கி, குறித்த நாளில் ஓரிடத்தில் கூட்டி இயக்கிக் காட்டும் ஆர்வலர் மன்றங்கள் மேல்நாடுகளில் பல உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் பயன்படுத்திய எளிய கருவிகள் அவை. இன்றைய கைப்பேசியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அவற்றுக்கு இல்லை. ஆயினும் அக்கூட்டத்தில் ஏதேனும் ஒரு கருவி வாய்திறந்து பேசத் தொடங்கினால், மற்ற மேசைகளைச் சுற்றி நின்றவர்களும் அங்கே வந்து சேர்ந்துவிடுகிறார்கள். குரல் கரகரக்கிறது, மூக்கால் பேசுவதுபோல் ஒலிக்கிறது, பாதிச் சொற்கள் விளங்குவதில்லை. எனினும் எல்லார் முகத்திலும் சிரிப்பு. விசைப்பலகையின் முன் அமர வாய்ப்புக் கிடைத்தவர் முதலில் தட்டுவது பெரும்பாலும் தம் பெயரைத்தான். பெயர் சொல்லி அழைக்கப்பட வேண்டும் என்ற ஆவல் மனிதனுக்கு அவ்வளவு ஆழமானது போலும், அழைப்பது ஒரு பெட்டியாகவே இருந்தாலும்!

இந்த விளையாட்டுக்கும் நெல்லைச் சீமைக்கும் என்ன தொடர்பு என வாசகர் கேட்கலாம். அந்தக் கரகரத்த குரலின் வழித்தோன்றல் ஒன்றுதான் இன்று பார்வையற்ற தமிழர் பலருக்குப் பாடநூலையும் கடிதத்தையும் செய்தித்தாளையும் வாசித்துக் காட்டுகிறது. பார்வையற்றோருக்கென 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பள்ளி தொடங்கிய பாளையங்கோட்டையில் வாழும் நாம் இதை வேடிக்கையாக மட்டும் பார்க்க இயலாது. ஒருவருக்காக மற்றொருவர் வாசித்துக் காட்டுவது இரக்கச் செயல் என்றே நாம் பழகியிருக்கிறோம். அதை இயந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டால், அந்த இரக்கம் என்னாவது? இயந்திரம் வாசிக்கும்போது வாசிப்பது யார்?

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஹோம்ப்ரூ கணிப்பொறி மன்றம் தொடங்கியது. அடுத்த மாதமே ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் தம் ஆல்டேர் 8800 கணிப்பொறியைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஒலிபெருக்கியும் இல்லை, திரையும் இல்லை. ஆனால் அது இயங்கும்போது அருகிலுள்ள வானொலிப் பெட்டியில் இரைச்சல் எழுவதை அவர் கவனித்திருந்தார். அந்த இரைச்சலையே ஒழுங்குபடுத்திப் பாட்டிசைக்கச் செய்தார். அவர் இசைக்கச் செய்த பாடல்களுள் ஒன்று, 1961இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஐ.பி.எம். 704 என்ற பெருங்கணிப்பொறி மனிதக் குரலைப் போலப் பாடிய அதே ஆங்கிலக் காதற்பாட்டு. கூடியிருந்தோர் எழுந்துநின்று கைதட்டினர்.

1982இல் ‘சாஃப்ட்வேர் ஆட்டோமேட்டிக் மவுத்’ என்ற நிரல் விற்பனைக்கு வந்தது. ‘மென்பொருள் வாய்’ என்று சொல்லலாம். ஆப்பிள், அட்டாரி, கமடோர் ஆகிய வீட்டுக் கணிப்பொறிகளை அது பேச வைத்தது. அட்டாரியில் அது பேசும்போது திரை இருண்டுவிடும். பேச்சொலியைத் தடையின்றி உண்டாக்கக் கருவியின் முழு உழைப்பும் தேவைப்பட்டதால், படம் காட்டும் வேலையை நிறுத்திவிட்டே அது பேசியது. கண்ணை மூடிக்கொண்டால்தான் அதற்கு வாய் திறக்கும்.

இங்கிலாந்தில் ஏக்கார்ன் நிறுவனம் 1981இல் பி.பி.சி. மைக்ரோ என்ற பள்ளிக் கணிப்பொறியை வெளியிட்டது. 1984-85இல் இந்திய அரசு பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது நம் நாட்டு மாணவர் பலர் முதன்முதலில் தொட்டுப் பார்த்ததும் அந்தக் கணிப்பொறியைத்தான். அதற்குப் பேச்சு வேண்டுவோர் தனியே ஒரு சில்லை வாங்கிப் பொருத்தலாம். அதில் இருந்தது கென்னத் கெண்டல் என்ற பி.பி.சி. செய்தி வாசிப்பாளரின் குரல். அவர் உச்சரித்த சொற்களைத் துண்டுதுண்டாகச் சேமித்து வைத்திருந்தார்கள். இம்முறை நமக்கும் அந்நியமானதன்று. திருநெல்வேலிச் சந்திப்பில் நின்று, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று தொடங்கும் அறிவிப்பைக் கேட்டவர்கள், ரயிலின் எண்ணும் ஊரின் பெயரும் நேரமும் வெவ்வேறு நாளில் பதிந்த துண்டுகளாக ஒட்டப்பட்டு வருவதைக் காதால் உணர்ந்திருப்பார்கள். பெண்ணொருத்தி என்றோ பேசியவை அச்சொற்கள். ஆனால் அந்த வாக்கியத்தை அவர் ஒருநாளும் பேசியதில்லை.

மற்றொரு முறையில் மனிதக் குரலே வேண்டியதில்லை. தொண்டையும் வாயும் அதிர்வதால் எந்த எழுத்துக்கு எந்த அலைவரிசைகள் எழுகின்றன எனக் கணக்கிட்டு, அக்கணக்கின்படி ஒலியைப் புதிதாகவே உண்டாக்குவது அது. மேற்சொன்ன மென்பொருள் வாய் இவ்வகையைச் சேர்ந்தது. இதற்கு வேண்டியது குரலன்று, இலக்கணம். எழுத்துக்கள் எங்கே எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விரிவாகவே சொல்லிவிட்டார். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலிகளாகிறது என்கிறார். அவ்வியலின் முடிவில் அவர் விதிக்கும் எல்லை கருதத்தக்கது. உள்ளே எழுந்து சுழலும் காற்றின் அளவைத் தாம் சொல்லவில்லை, வெளியே புலப்படும் ஒலியையே சொன்னதாகக் கூறுகிறார். பேச்சுப்பொறியும் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. வெளியொலி உண்டு, அதனை எழுப்பிய உள்ளம் அங்கே இல்லை.

தமிழ் அறியாத நாவுக்குத் தமிழொலியை விதிகளாக எழுதிக் கொடுக்கும் வேலை தாமிரபரணிக் கரைக்குப் புதிதன்று. ஆறு கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார், 1549ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். கொல்லத்தில் 1578இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலால் அவரை நாம் அறிவோம். இந்த இலக்கணத்தை அதிகம் பேசுவதில்லை. பின்வரும் அந்நியத் துறவியர் மக்களிடம் மக்கள் மொழியில் பேச வேண்டுமே என்ற கவலையில் பிறந்தது அது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ஒரு விதியைத் தெளிவுபடுத்தினார். தமிழில் வல்லெழுத்து ஒன்றே. அது சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக ஒலிக்கும். இடையில் தனித்து வரும்போதும் மெல்லினத்தை அடுத்து வரும்போதும் மென்மையாகும். ‘கடல்’, ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய நான்கிலும் ககரம் ஒரே ககரமில்லை என்பது நமக்குச் சொல்லித் தராமலே தெரியும். இயந்திரத்துக்குச் சொல்லித் தர வேண்டும்.

விதியைச் சொல்லித் தந்துவிட்டாலும் வேலை முடியாது. ‘காந்தி’ என்பதை விதி மட்டும் அறிந்த இயந்திரம் வல்லோசையிலேயே தொடங்கும். ‘பாவம்’ என்று எழுதியிருந்தால் என்ன செய்யும்? நாம் அறிக்கையிடும் பாவமும், ‘ஐயோ பாவம்’ என்னும் இரக்கமும் ஒலியில் ஒன்று. பாடகர் தம் பாட்டில் கலக்கும் பாவம் எழுத்தில் ஒன்றாயினும் ஒலியில் வேறு. இயந்திரம் பாவமில்லாமல் வாசிக்கிறது என்று சொன்னால் அது இரு பொருளிலும் பொருந்தும்.

இனி அந்த வழித்தோன்றலுக்கு வருவோம். பி.பி.சி. மைக்ரோவைச் செய்த ஏக்கார்ன் நிறுவனம் பிற்பாடு உருவாக்கிய வீட்டுக் கணிப்பொறிகளுக்காக, ஜோனதன் டடிங்டன் என்ற ஆங்கிலேயர் 1995இல் ‘ஸ்பீக்’ என்றொரு பேச்சு நிரலை எழுதத் தொடங்கினார். ஏக்கார்ன் கணிப்பொறிகள் வழக்கொழிந்தபின், 2006ஆம் ஆண்டளவில் அதையே பிற கணிப்பொறிகளுக்கு ஏற்றவாறு மாற்றி ‘ஈஸ்பீக்’ என யாவருக்கும் இலவசமாக அளித்தார். விதிகளால் பேசும் நிரலாதலால் அது மிகச் சிறியது. புதிய மொழியைச் சேர்க்க ஒலிப்பு விதிகளும் ஒரு சொற்பட்டியலும் போதும். தமிழும் அவ்வாறு சேர்ந்தது. அதே 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற நிரலை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற மற்றொரு பார்வையற்றவர் அவரோடு இணைந்தார். அதுவரை இத்தகைய நிரலை வாங்கக் கணிப்பொறியின் விலைக்கு நிகரான தொகை கொடுக்க வேண்டியிருந்தது. இவர்களோ அதை இலவசமாகவே தந்தனர். அதற்குக் குரலாக அமைந்தது ஈஸ்பீக். மன்றத்து மேசையில் சிரிப்பை எழுப்பிய வகைக் குரல், பார்வையற்ற மாணவனின் மேசைக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவினரும், சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தி குழுவினரும் மனிதர் பேசிய பதிவுகளைக் கொண்டு இன்னும் இயல்பான தமிழ்க் குரல்களை உருவாக்கினர். ஆயினும் பார்வையற்ற வாசகர் பலர் பழைய கரகரப்பையே விரும்புவது பலருக்கும் வியப்பாக இருக்கும். காரணம் எளிது. நாம் பேசும் வேகத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டாலும் அக்குரல் குழம்புவதில்லை. அவர்கள் அதை ரசிப்பதற்காகக் கேட்கவில்லை, வாசிப்பதற்காகக் கேட்கிறார்கள்.

இங்கேதான் நம் வினா எழுகிறது. பிரெயில் எழுத்து பார்வையற்றோருக்குப் பெருங்கொடை. 1951இல் இந்திய மொழிகளுக்கென பாரதி பிரெயில் வகுக்கப்பட்டதும் தமிழுக்கு உறுதியான வடிவம் அமைந்தது. ஆனால் அச்சில் ஒரே நூலாக உள்ள விவிலியம் பிரெயிலில் பல தொகுதிகளாகப் பெருகி அலமாரியை நிரப்பிவிடும். கல்லூரிப் பாடநூல்களில் பிரெயிலுக்கு வருபவை சிலவே. ஆகவே மாணவன் யாரையாவது நாடித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. விடுதித் தோழர்கள், பங்கு இளைஞர்கள், அருட்சகோதரிகள் எனப் பலர் மனமுவந்து வாசித்துக் காட்டினர். அவர்களுள் எவரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. இருப்பினும் கேட்பவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் வேறொன்று விளங்கும். புரியாத பத்தியை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லலாம். மூன்றாம் முறை சொல்லக் கூச்சம் வரும். வாசிப்பவருக்குக் கொட்டாவி வந்தால் பாடம் அத்தோடு முடிந்தது. வாசிப்பவர் எந்த நூலைக் கண்டு முகம் சுளிப்பார் என்று எண்ணியே நூலைத் தெரிந்தெடுக்க வேண்டும். தன் பெயருக்கு வந்த கடிதத்தைத் தனக்கு முன்பாகவே இன்னொருவர் அறிந்துவிடுவார். திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் கல்வி என்றால், தனிமையில் வாசிப்பதுதான் சிந்தனை என்றால், அவ்விரண்டும் அவனுக்கு மறுக்கப்பட்டிருந்தன; அதுவும் அன்பின் பெயரால்.

இயந்திரத்துக்குக் கொட்டாவி இல்லை. சுளிக்க முகமும் இல்லை. ஆகவே, “இயந்திரம் வந்து இரக்கச் செயலை நம் கையிலிருந்து பறித்துவிட்டதே” என்று வருந்துவோரோடு என்னால் உடன்பட முடியவில்லை. நாம் கொடுப்பதற்காக மற்றவர் என்றும் கையேந்தி நிற்க வேண்டும் என விரும்புவது அவரைவிட நம்மையே அதிகம் நேசிப்பதாகும். உரிமையாகக் கிடைக்க வேண்டியதை இரக்கமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதே உண்மை. ஆனால் ஓர் இழப்பு உண்டு, அதை மறைக்கவும் கூடாது. வாசித்தவனும் கேட்டவனும் நூலை நடுவில் வைத்து வாதாடினார்கள். தேர்வுக்கு முந்திய இரவில் ஒரே தேநீரைப் பகிர்ந்தார்கள். நண்பனுக்காக வாசித்ததால் தானும் தேறியவன் உண்டு. அந்த நட்புக்கு வாசிப்பு ஒரு சாக்காக இருந்தது. சாக்கு போனபின் நாமே நடந்துபோய் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். தட்டுவோமா என்பது வேறு கேள்வி.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்றும் உள்ளது. கொழும்புக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போன பிள்ளைகளின் கடிதங்களை, எழுத்தறியாத தாய்மாருக்குப் பக்கத்து வீட்டுப் பள்ளிச் சிறுவன் வாசித்துக் காட்டிய காலம் நம் முந்திய தலைமுறையின் நினைவில் இன்னும் இருக்கிறது. காய்ச்சலில் கிடந்தேன், வேலை போயிற்று என்ற வரி வந்தால் சிறுவன் தயங்குவான். கிழவியின் முகத்தைப் பார்ப்பான். அந்த வரியை விழுங்கிவிட்டு, ‘நல்ல சுகம்’ என்பதோடு அடுத்த பக்கத்துக்குத் தாவுவான். “ஏலே, முழுசும் வாசிச்சியா?” என்பாள் கிழவி. “வாசிச்சிட்டேன், ஆச்சி.” அவன் சொன்னது பொய். ஆனால் அதில் இருந்த பரிவை யார் மறுக்க முடியும்? இயந்திரத்தால் அந்தப் பொய்யைச் சொல்ல இயலாது. மருத்துவமனை தந்த அறிக்கையையும் துணிக்கடை விளம்பரத்தையும் அது ஒரே குரலில் வாசிக்கும். புற்று என்ற சொல்லில் அது நிற்காது, தயங்காது.

இது இயந்திரத்தின் குறையா? ஆம் என்று சொல்லவே மனம் விரைகிறது. ஆனால் கிழவியிடம் கேட்டால் என்ன சொல்வாள்? “முழுசும் வாசிச்சியா” என்று அவள் கேட்டதே, பையன் எதையோ விட்டுவிட்டான் என்ற ஐயத்தால்தான். அவளுக்கு வேண்டியது முழுக் கடிதம். தன் மகனின் துன்பத்தை அறியும் உரிமை அவளுக்கு உண்டு. தெரிந்திருந்தால் ஒரு செபமாலையாவது அதிகம் சொல்லியிருப்பாள். வார்த்தையை மறைப்பது பரிவின் ஒரு வடிவம். ஆனால் அது கேட்பவரைக் குழந்தையாக்கும் பரிவு. வார்த்தையை முழுவதும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் அழும்போது அருகில் இருப்பது இன்னொரு வடிவம். இயந்திரம் முதற்பாதியைச் செய்கிறது, மறுபாதி அதனால் ஆகாது. அறிக்கையைத் தனியே கேட்டுமுடித்த பார்வையற்றவர், அதன்பின் யாரிடம் பேசுவது என்பதைத் தாமே தெரிவுசெய்கிறார். அந்தத் தெரிவு முன்பு அவர் கையில் இல்லை.

குரலற்றவருக்குக் குரலாகும்போதோ நிலைமை வேறு. இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங், 1985இல் நிமோனியாவால் உயிருக்குப் போராடியபோது செய்த அறுவையால் பேச்சை முற்றிலும் இழந்தார். அவர் முதலில் பயன்படுத்திய நிரல் ஆப்பிள் வீட்டுக் கணிப்பொறி ஒன்றில்தான் ஓடியது. அதனோடு ஒரு பேச்சுப்பொறியை இணைத்துத் தந்தார்கள். அதிலிருந்த ஒலி, டென்னிஸ் கிளாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம் சொந்தக் குரலை அளவெடுத்து அமைத்தது. கிளாட் புற்றுநோயால் குரல் நலிந்து 1988இல் மறைந்தார். தெளிவான புதிய குரல்கள் பின்னர் வந்தபோதும் ஹாக்கிங் மறுத்துவிட்டார். 2018இல் இறக்கும்வரை அந்தப் பழைய குரலே தம் குரல் என்றார். 1986இல் அவர் உறுப்பினரான திருத்தந்தையின் அறிவியல் கழகத்திலும் அவர் பேசியது அக்குரலில்தான். கேட்டவர் எவரும் ‘இயந்திரம் பேசுகிறது’ என்று எண்ணவில்லை, ஹாக்கிங் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் அவரே தெரிந்தெடுத்து, அதற்குப் பொறுப்பேற்றார். ஒலியைத் தந்தது ஒருவர், சொல்லைத் தந்தது இன்னொருவர். சொல்லைத் தந்தவரையே பேசியவர் என்கிறோம்.

நம் வானொலியில் இருந்த ஒரு வழக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். ‘செய்திகள் வாசிப்பது’ என்று தொடங்கித் தம் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வாசிப்பவர் செய்திக்குள் நுழைவார். 2022இல் மறைந்த சரோஜ் நாராயணசாமியின் பெயர் அந்த இரு சொற்களோடு பிணைந்தே தமிழர் செவியில் தங்கியிருக்கிறது. செய்தியை எழுதியவர் அவரல்லர். எனினும் இதை வாசிப்பது நான் என்று முன்வந்து நின்றார். பெயர் சொல்வது வெறும் மரபன்று, ஓர் ஈடு. பழைய பேச்சுப்பொறியிடம் அந்த ஈடு இல்லை. ஆனால் அது இருப்பதாகவும் அது நடிக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் அது பொறி என்று குழந்தைக்கும் விளங்கியது.

இன்றைய நிலைமை அவ்வளவு எளிதன்று. சில நொடிப் பதிவைக் கொண்டே ஒருவரின் குரலை அச்சாக உருவாக்கும் நிரல்கள் வந்துவிட்டன. மகனின் குரலில் தாயை அழைத்துப் பணம் பறிப்போர் இருக்கிறார்கள். 2026ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு, மனிதக் குரல்களையும் முகங்களையும் பாதுகாத்தல் என்ற கருப்பொருளைத் திருத்தந்தை பதினான்காம் லியோ தெரிந்துகொண்டதும் இந்த அச்சத்தின் பின்னணியில்தான். இங்கே குற்றம் இயந்திரம் இனிமையாகப் பேசுவதில் இல்லை. ‘வாசிப்பது’ என்ற சொல்லுக்குப் பின் தன்னுடையதல்லாத பெயரை வைப்பதில் இருக்கிறது. பார்வையற்றவருக்கு இந்த ஆபத்து நம்மைவிட அதிகம். ஆளை அடையாளம் காண அவருக்குள்ள வழி பெரும்பாலும் குரல் ஒன்றே. அவருக்கு உதவவே வளர்ந்த கலை, அவரை ஏமாற்றவும் கற்றுக்கொண்டுவிட்டது. தம் திரையை வாசிக்கும் குரல் கரகரப்பாகவே இருக்கட்டும் என்று அவர்களுள் சிலர் விரும்புவதில் இந்த விவேகமும் கலந்திருக்கலாம் என எனக்குத் தோன்றுகிறது.

நாம் செய்யக்கூடிய வேலை எஞ்சியிருக்கிறது. தேர்வறையில் விடையெழுதித் தர ஆட்கள் இன்றும் தேவைப்படுகிறார்கள். கையெழுத்துக் கடிதத்திலும் மங்கிய பழைய அச்சிலும் இயந்திரம் இன்னும் தடுமாறுகிறது. ஈஸ்பீக்கின் தமிழ்ப் பகுதியோ யாவரும் திறந்து பார்க்கக்கூடிய விதிக்கோப்பாகவும் சொற்பட்டியலாகவும் இருக்கிறது. விதிக்கு அடங்காத சொல் ஒவ்வொன்றையும் அதில் யாராவது ஒருவர் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். அதற்குக் கணிப்பொறிப் புலமை அதிகம் தேவையில்லை. காது கூர்மையான ஒரு தமிழாசிரியர் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பாளையங்கோட்டையில் தெருவுக்குப் பத்துப்பேர் இருக்கிறார்கள். ‘காந்தி’யில் தொடங்கலாம்.